வெண்காரம் ஏறாத நூல்

விற்ற பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாங்கினவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சின வியாபாரி இந்தத் திருத்தணியில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள். என் கடையிலிருந்து அவருக்கு ஒரு தலையணை இலவசம். நான்கு நாள் கெஞ்சினேன். ஐந்தாம் நாள் கெஞ்சுவதை விட்டுவிட்டேன்.

என் பெயர் கவுசர். அரக்கோணம் ரோட்டில் மெத்தைக் கடை. பஞ்சு அடிக்கும் மெஷின் என் கணவர் அல்தாஃபின் பொறுப்பு. தைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, தேவைப்பட்டால் சண்டை போடுவது மூன்றும் என்னுடையவை. மூன்றாவதில்தான் எனக்குக் கை ராசி என்று அவர் கேலி செய்வார்.

இந்த வம்பை என் கடைக்குக் கொண்டுவந்தவர் சடகோபன். முன்பு மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் அலறும். அந்தத் தொழில் படுத்ததும் வீட்டு மாடியில் இருந்த ஒரே அறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றினார். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒவ்வொரு காவடிக் குழுவுக்கும் சொந்தமாக ஒரு முருகன் பாட்டு வேண்டும். யூடியூபில் போட வேண்டும், தலைவர் படம் பெரிதாக வர வேண்டும். அதனால் ஆடி மாதம் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

ஆனால் இந்த ஊரில் நிசப்தம் எங்கே கிடைக்கும்? மலையிலிருந்து ஒலிபெருக்கி, கீழே பஸ் ஹாரன், நடுவில் ரயில். சடகோபன் இருந்த ஒரே ஜன்னலைப் பிளைவுட் வைத்து அடித்து மூடினார். கதவு விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினார். வெளிச் சத்தம் குறைந்தது. உள்ளே பாடினால் கிணற்றுக்குள் பாடுவதுபோல் எதிரொலித்தது. முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தார், கரப்பான் பூச்சி குடியேறியதுதான் மிச்சம். கம்பெனி ஸ்பாஞ்சின் விலையைக் கேட்டதும் தலை சுற்றி என்னிடம் வந்தார். "அக்கா, மெத்தைய செவுத்துல நிக்க வெச்சா எப்டி இருக்கும்?" என்றார்.

முட்டாள்தனமான கேள்வி இல்லை. போய் அறை நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன். தட்டினது அப்படியே திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைத் தின்பதற்கு ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான். நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம், நடுவில் நாலு அங்குலம் இறுக்கி அடைத்த கழிவு நூல், மேலே நல்ல பருத்தித் துணி. பொதட்டூர்பேட்டைத் தறிகளில் விழும் கழிவு நூல் மலிவு. சாதா மெத்தைக்கு நாங்கள் அதைத்தான் போடுகிறோம்.

நெருப்பைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. நான்தான் யோசித்தேன். பஞ்சுக் கடைக்காரியைப்போல் நெருப்புக்குப் பயந்தவள் யார்? என் கடைக்குள் பீடி பற்றவைத்தவர்களை மாமனார் உறவென்றும் பாராமல் வெளியே தள்ளியிருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் வாங்கி, சுடுதண்ணீரில் கரைத்து, கழிவு நூலை அதில் முக்கி எடுத்து மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். ஒரு பிடி எடுத்து இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். கருகியது, புகைந்தது, தீ பிடிக்கவில்லை. மூன்று தரம் காட்டினேன், மூன்று தரமும் பிடிக்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையில் சடகோபனைக் கூப்பிட்டு அவர் கண்முன்னாலும் செய்து காட்டினேன். "நெருப்பே புடிக்காது" என்று சொன்னேன். இத்தனைக்கும் காரணம் அந்த இரண்டு சொல்தான்.

பதினான்கு பேனல் மாட்டினேன். சுவர்களில் பதினொன்று, கூரையில் இரண்டு, கதவின் உள்பக்கம் ஒன்று. கதவு எது சுவர் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே துணி, ஒரே தையல். கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழுந்தது. சடகோபனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரைக்கும் நல்ல கதைதான்.

பாட்டு ஆரம்பிக்கும் முன் மைக்குக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டுவது அந்தக் குழுக்களின் வழக்கம். அதுவரை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே காற்றில் அணைந்து அணைந்து போகிறது, அபசகுனம் என்று குறை. நான் நெருப்பே பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, தட்டை அறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதோடு போகவில்லை. அந்த வீட்டில் ஏ.சி. இருப்பது ஸ்டுடியோவில் மட்டும்தான். இரவானால் சடகோபனும் மனைவி ரஞ்சிதமும் ஆறாவது படிக்கிற மகள் மோனிஷாவும் அங்கேயேதான் படுக்கை. கதவைத் தாழிட்டு, நான் தைத்துக் கொடுத்த மெத்தையில், நான் தைத்துக் கொடுத்த பேனல்களின் நடுவில்.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து கன்னியம்மாள் வந்தாள். பவர்லூமில் வேலை செய்கிறவள், மகள் கல்யாணத்துக்கு மெத்தை ஆர்டர் சொல்ல வந்தாள். கல்யாண மெத்தை என்றால் பஞ்சைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். மூலையில் பேனலுக்கு வாங்கி மிஞ்சின கழிவு நூல் மூட்டை ஒன்று இருந்தது. அதுதான் மெத்தைக்குப் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அடியில் கையை விட்டு ஒரு கொத்து உருவினாள். தீப்பெட்டி கேட்டாள். தறி வீட்டில் பிறந்தவர்கள் எழுத்துக் கற்கும் முன்னால் இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கடைக்கு வெளியே போய் நூலைக் கொளுத்தினாள். அது சுருண்டு, சீறி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது.

"இது பருத்தி இல்லம்மா, பாலிஸ்டரு. பருத்தி எரிஞ்சா சாம்பலு ஆவும், ஊதுனா பறக்கும். இது பாரு, உருண்டையா நிக்கிது."

மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மேலே ஒரு முழம் பருத்தி. கீழே முழுக்கப் பளபளவென்று பாலிஸ்டர்.

நான் அடுப்பில் காட்டினது முதல் மூட்டை. கழிவு நூல் வியாபாரி என் எதிரில் பிரித்துக் காட்டிக் கொடுத்தது. அது இரண்டு பேனலுக்குக்கூடப் போதவில்லை. மற்ற மூட்டைகள் பஸ்ஸில் போட்டுவிட்டு அனுப்பினவை. வெண்காரத் தண்ணீர் பருத்தியில்தான் ஏறும். பாலிஸ்டர் நூல் அதைக் குடிக்காது. நனைந்த மாதிரி இருக்கும், காய்ந்ததும் வெண்காரம் பொடியாக உதிர்ந்துவிடும். மொட்டை மாடியில் அந்த வெள்ளைப் பொடியை நான்தான் பெருக்கினேன். ஏன் இவ்வளவு உதிர்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஒரு சோற்றைப் பதம் பார்த்தேன், பானை வேறாகப் போயிருந்தது.

வியாபாரிக்குப் போன் போட்டேன். கழிவு என்றால் கழிவுதானே, அதற்கு ஜாதகம் பார்த்தா அனுப்ப முடியும் என்று சிரித்தான். "மெத்தைக்குள்ள போறத எவன்மா பாக்கப்போறான்?" என்றான். அவனை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. போனை வைத்தபிறகு அதைவிடப் பெரிய கோபம் என்மேல் வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் என்ன போகிறது என்று பார்ப்பதுதானே என் தொழில்?

அன்று மாலையே சடகோபன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, பதினான்கையும் இப்போதே கழற்றிக்கொள்கிறேன், பாய்லர் குழாய்க்குச் சுற்றுகிற, நெருப்பில் எரியாத கல்பஞ்சை அடைத்துப் புதிதாகச் செய்து தருகிறேன், ஒரு பைசா வேண்டாம், அது சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நன்றி சொல்வார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது. அவர் சிரித்தார். யானைக்கும் அடி சறுக்கும், விடுங்கள் அக்கா என்றார். நான்கு பாட்டு பாதியில் நிற்கிறது, இப்போது பேனலைக் கழற்றினால் பல்லவி ஒரு குரலிலும் சரணம் வேறு குரலிலும் வரும், கிருத்திகை முடியட்டும் என்றார். கற்பூரத்தை நிறுத்தச் சொன்னேன். சாமி விஷயத்தில் நான் எப்படி அவர்களிடம் சொல்ல முடியும் என்றார். அங்கே படுப்பதையாவது நிறுத்துங்கள் என்றேன். இந்தப் புழுக்கத்தில் பாப்பா எங்கே தூங்குவாள் என்றார். கடைசியில் என் மனத்திருப்திக்காக ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுபோய் மைக் பெட்டிகளுக்கும் பிளக் போர்டுக்கும் பக்கத்தில் வைத்தார். கரெண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்! இவர் முப்பது வருஷம் மைக்செட் நடத்தினவர்.

ரஞ்சிதம் வாசல்வரை வந்து கேட்டாள். விலை கூடின பேனலைத் தலையில் கட்டத்தான் இந்த நாடகமா என்று. இலவசமாகத் தருகிறேன் என்கிறேன், காதில் விழவில்லை அவளுக்கு. நெருப்பே பிடிக்காது என்று நான் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பின வீடு அது. பிடிக்கும் என்று அதே வாயால் சொல்கிறேன், சாட்சி கேட்கிறார்கள். நல்லதைச் சொன்னால் நம்புவதும் கெட்டதைச் சொன்னால் சந்தேகப்படுவதும் என்ன நியாயம்?

வீட்டில் அல்தாஃப் வேறு பாட்டு. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நம் பொருள் எரியும் என்று நாமே ஊரெல்லாம் சொன்னால் நாளைக்கு நம் மெத்தையில் எவன் படுப்பான், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாயே என்றார். "நீ தெரிஞ்சா செஞ்ச?" என்று கேட்டார்.

"தெரியாமதான் செஞ்சேன். இப்ப தெரிஞ்சிட்ச்சி. இனிமே சும்மா இருந்தா தெரிஞ்சி செஞ்சதுதான்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினைப் போட்டார்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். நான் தெருமுனையில் திரும்பினாலே சடகோபன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் மாடி ஏறிவிடுவார். நாலாம் நாள் தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், திங்கட்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றார். ஆனால் வீரபத்திரன் என்பவரின் காவடிக் குழுவுக்கு ரெக்கார்டிங் சனிக்கிழமை. ஏழு பேர் பாடுகிற பாட்டு. பெரிய கற்பூரத் தட்டு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோவில் ஒரு பேனலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று அதே மூட்டையில் செய்த பதினைந்தாவது பேனல் அது. சடகோபன் மாடியில் இருந்தார், ரெக்கார்டிங் ஆரம்பித்தாயிற்று. ரஞ்சிதம் கீழே வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஒரு கற்பூரம் குடும்மா, போதும். அப்பறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றேன்.

அவள் என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு வில்லை எடுத்துவந்து கொடுத்தாள். பேனலைத் தெருவில் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தேன். கீழ் ஓரத்தில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். துணி முதலில் கருகியது. ஒரு நொடி, நெருப்பு போய்விட்டது போலத்தான் இருந்தது. அப்புறம் உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஏறியது. உருகின நூல் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலும் எரிந்தது. கறுப்புப் புகை எங்கள் இருவர் தொண்டையையும் பிடித்தது. ரஞ்சிதம் பாத்திரம் தேய்த்த தண்ணீரைத் தூக்கி ஊற்றுவதற்குள் சட்டம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

அவள் அந்தச் சட்டத்தையே பார்த்தாள். "மேல எங்க தலைமாட்டுல கீறதும் இதானா?" என்று கேட்டாள்.

"ஆங். இதேதான்."

"மோனிஷா உள்ள கீறா" என்றாள். பள்ளிக்கூட விடுமுறை, கோரஸுக்கு ஒரு குரல் குறைகிறது என்று அப்பன் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அவள் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். மாடியில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேலே சிவப்பு பல்பு எரிந்தது. அது எரியும்போது யாரும் கதவைத் தொடக் கூடாது என்பது சடகோபன் சட்டம். வாசலில் பிளாஸ்டிக் கூடையில் எல்லாருடைய செல்போனும் கிடந்தது, உள்ளே மணி அடிக்கக் கூடாது என்று. ரஞ்சிதம் கதவைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். நானும் அடித்தேன், பெயர் சொல்லிக் கத்தினோம். உள்ளே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? கேட்காமல் இருப்பதற்குத்தானே அத்தனையும் செய்தோம். அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருக்கும் பேனல் என் கையால் மாட்டினது.

ரஞ்சிதம் சட்டென்று திரும்பிப் படி இறங்கினாள். படிக்கட்டின் அடியில் இருந்த மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். சிவப்பு பல்பு அணைந்தது. யு.பி.எஸ். பழுதாகிக் கிடந்ததால் உள்ளே கம்ப்யூட்டரும் அணைந்திருக்கும். அவள் மூச்சு வாங்க மேலே வந்து நின்றாள். இதோ திறப்பார்கள் என்று இருவரும் கதவைப் பார்த்தோம்.

கதவு திறக்கவில்லை.

காதைக் கதவில் வைத்தேன். எங்கோ தூரத்தில் எதையோ இடிப்பதுபோல் ஒரு சத்தம். பக்கெட் உருண்டது போலிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னல் இல்லை. கதவடியில் ஒரு கீற்று வெளிச்சம் வர வழியில்லை, ரப்பர் பட்டை. ஒருவர் கையிலும் போன் இல்லை, பாட்டுக்கு முன் காட்டின கற்பூரமும் அணைந்திருக்கும். இருட்டில் எந்தப் பக்கம் கை வைத்தாலும் ஒரே துணி, ஒரே தையல். கதவு எது, சுவர் எது? ரஞ்சிதம் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே கதவை அடித்தாள். நான் அல்லாவைக் கூப்பிட்டேன், முருகனையும் கூப்பிட்டேன், யார் கிட்டத்தில் இருந்தாலும் சரி என்று.

இரண்டு நிமிஷம் இருக்கும். தெருவில் ஒரு பேனல் எரிந்து முடிய அதில் பாதிகூட ஆகவில்லை.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. திறக்கப் பார்ப்பவர்களும் நெருக்கித் தள்ளுபவர்களும் முட்டிக்கொண்டு மறுபடி மூடியது, பிறகுதான் திறந்தது. முதலில் வந்தவர் வீரபத்திரன். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிற மனிதர். சட்டை தொப்பலாக நனைந்து, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் குழுவினர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு முழங்காலில் ரத்தம். கடைசிக்கு முன்னால் மோனிஷா வந்தாள். அழக்கூட இல்லை, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு மூச்சுமட்டும் விட்டாள்.

எல்லாருக்கும் பின்னால் சடகோபன் வந்தார். "எவன் மெயின அமுத்துனது? நல்ல டேக்கு போச்சே" என்றார்.

சத்தியமாக அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. மகளை எண்ணவில்லை, ஆட்களை எண்ணவில்லை, பதிவாகிக்கொண்டிருந்த டேக்கை எண்ணினார். அறைய வேண்டும் என்று எனக்குக் கை வந்தது. மற்றவர் புருஷனை அறைவது முறை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

ரஞ்சிதம் அவரைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கடப்பாரையை எடுத்துவந்து உள்ளே போனாள். முதலில் ஜன்னல் பிளைவுட்டை நெம்பித் தள்ளினாள், வெளிச்சம் வந்தது. பிறகு ஒவ்வொரு பேனலாகப் பெயர்த்து மாடியிலிருந்து தெருவில் போட்டாள். நாலு பாட்டு பாதியில் நிற்கிறது என்று சடகோபன் கத்தினார். வீரபத்திரனைச் சாட்சிக்கு அழைத்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

வீரபத்திரன் தலை நிமிரவில்லை. "அலகு குத்திக்கினு மல ஏறுறவன் நானு. எதுக்கும் பயந்ததில்ல. உள்ள கதவு எந்தப் பக்கம்னு தெர்ல நைனா" என்றார். எழுந்துபோய்க் கூரையில் இருந்த இரண்டையும் அவரே இறக்கினார்.

பதினான்கையும் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. அத்தனை பேரைக் காப்பாற்றின கவுசர் என்றா போகும்? மெத்தைக் கடை கவுசர் போடுகிற பஞ்சு பெட்ரோல் மாதிரி எரிகிறதாம் என்று போயிற்று. இரண்டு கல்யாண மெத்தைக்குச் சொன்னவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கன்னியம்மாள் மட்டும் மாற்றவில்லை. எரியறத எரியும்னு சொல்ற கடையில்தான் வாங்குவேன் என்று சொல்லியனுப்பினாள். அல்தாஃப் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வெளியே உட்கார்ந்து, புதிதாக வந்த மூட்டைகளில் மேலே நடுவே அடியே என்று நூல் உருவி ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் பேனல்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். சும்மா போட்டுவைத்தால் பாதி விலைக்குக் கேட்டு எவனாவது வருவான், எனக்கு இந்த ஊரைத் தெரியும். சட்டத்தை வைத்துக்கொண்டு, துணியைக் கிழித்து, உள்ளே இருப்பதை அள்ளி மூட்டை கட்டினேன். ஒன்பது முடிந்து ஐந்து மிச்சம் இருந்தபோது சடகோபன் வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டூலை எடுத்துப் போட்டேன், தண்ணீர்கூடக் கொடுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரஞ்சிதம் அவங்க அம்மா வூட்டுக்குப் போய்கீறாக்கா. பாப்பாவும் கூடப் போய்கீது, ஞாயித்துக்கெழம தான் வருவாங்க. மூணு குழு பாக்கி. இருக்கற அஞ்ச குடுங்க, முடிச்சிட்டு நானே கொணாந்து போட்றேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த இருட்டு அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்த மனிதர் இவர். தெருவில் எரிந்த சட்டத்தைத் தாண்டித்தான் இன்றைக்கும் வீட்டிலிருந்து இறங்கி வந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை மனைவி ஊரில் இல்லை, அதனால் இப்போது அது எரியாது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஏனோ கத்தவில்லை. துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒரு பேனலை நிமிர்த்தி அவர் முன்னால் நிறுத்தினேன்.

"எட்துக்கினு போங்க. எரியும்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கு யாருக்கும் தெரியாம போச்சுன்னு பேச்சு வரக் கூடாது. ஞாயித்துக்கெழம வந்து இதுங்கீழ படுக்கப்போறது யாரோ, அவுங்க பேர இதுமேல எழுதிட்டு எட்துக்கினு போங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அல்தாஃப் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். சடகோபன் சாக்பீஸை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். என்ன பெரிய விஷயம் என்பதுபோல் குனிந்து எழுத ஆரம்பித்தார். துணியில் 'மோ' என்று விழுந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. சாக்பீஸை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போனார்.

மற்ற நான்கையும் அன்றே கிழித்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் எழுத்தின் குறுக்கே கத்திரி வைக்க எனக்கு வரவில்லை. கவிழ்த்துப்போட்டு, பின்பக்கத்திலிருந்து கிழித்தேன்.